கேட்டால் மட்டும் சொல்கிறவர்

அக்காவுக்குச் சர்க்கரை போட்ட டீ பிடிக்காது என்பது எனக்குத் தெரியவந்தபோது, நாங்கள் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையும் மாலையும் கேண்டீன்காரர் கொண்டுவந்து வைக்கிற டீயைக் கஷாயம் குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்து முடிப்பார். அதுதான் அவர் டீ குடிக்கும் விதம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஏதோ பேச்சுவாக்கில், "சர்க்கரை போதுமாங்க்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குச் சர்க்கரையே ஆவாது தம்பி. பச்சையாக் குடிச்சாத்தான் புடிக்கும்."

இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்றதும், நான்தான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"யாரும் கேக்கலயே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இந்த வாக்கியத்தை அவர் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். குறையாகச் சொல்லமாட்டார். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொல்வார். நர்சுகள் அவரை வாயில்லாப் பூச்சி என்பார்கள். அது தப்பு. வாய் இருந்தது, அதில் தெளிவான பதிலும் இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். யாராவது வந்து திறக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கூட்டத்தை நெருக்கிக்கொண்டு வந்த கண்டக்டர் இவரும் கடைசிவரை போகிறவர் என்று நினைத்துக் கிருஷ்ணகிரிக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டார். காரிமங்கலம் வந்தது. பாதி பஸ் இறங்கியது. அக்கா இறங்கவில்லை. கிருஷ்ணகிரிவரை போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் திரும்பி, பொழுது சாய்கிற நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"நடுவுல எறங்கிக்க வேண்டியதுதானேங்க்கா?"

"அவரு கிருஷ்ணகிரின்னு கிழிச்சிட்டாரு. எங்க போவணும்னு ஒரு வார்த்த கேக்கல தம்பி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். எங்களுக்கு அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்களுடையது காசநோய்க்கென்றே தர்மபுரிக்கு வெளியே இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. எண்பதுகளின் கடைசி. காசநோய்க்காரர்களோடு ஒரு தொல்லை உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பில் சதை பிடிக்கும். அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் காட்டுக்கோ, பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்கோ போய்விடுவார்கள். நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்ப வரும்போது முன்னைவிட மூர்க்கமாக வரும். அப்போது பழைய மாத்திரை கேட்காது. அப்படி விட்டுப்போனவர்களை ஜீப்பில் தேடிப் போய், கெஞ்சியோ திட்டியோ கூட்டிவருவது என் வேலை. யாரைத் தேடிப் போவது என்று எனக்குப் பட்டியல் எடுத்துத் தருவது அக்காவின் வேலை.

அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. எங்கேயோ வெளிநாட்டில் இருந்த புண்ணியவான்கள் கொடுத்தது. பழைய எக்ஸ்ரே அறையைக் காலி செய்து, ஏசி போட்டு, அதற்குள் அதைக் குடிவைத்தார்கள். பெரிய டாக்டரே ஃபேனுக்கடியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, டீ கொண்டுபோகக் கூடாது. ஆஸ்பத்திரியில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவர் அக்கா ஒருவர்தான் என்பதால் அவரைப் பிடித்து அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். இஷ்டமா என்று அப்போதும் அவரைக் கேட்கவில்லை.

ஆனால் மெஷின் கேட்டது.

பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்து அதில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஏற்கெனவே இருக்கிற ஒரு ஃபைலின் பெயரையே மறுபடி கொடுத்தால், மெஷின் டிங் என்று ஒரு மணியடிக்கும். இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை எழுதட்டுமா, ஆமாம் என்றால் Y, வேண்டாம் என்றால் N என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நிற்கும். பதில் சொல்லும்வரை நிற்கும். அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அந்த வரியை ஒவ்வொரு தடவையும் முழுசாகப் படித்துவிட்டு, ஒற்றை விரலால் N எழுத்தை அழுத்துவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்கே நாட்டாமை செய்கிறவரின் முகம்.

"இந்த ஆஸ்பத்திரியில என்னையக் கேட்டுட்டு வேல செய்யறது இது ஒண்ணுதான்" என்பார்.

அக்காவின் குடும்பம் காலங்காலமாக வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். புளியமரமும் கடலைக்காடும் மாமரமும் உள்ள வசதியான விவசாயிகள். முப்பது வயது தாண்டியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஒருநாள் நானே கேட்டேன். கேட்டுவிட்டதால் சொன்னார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் மிலிட்டரியில் இருந்த ஒரு மாப்பிள்ளையை அண்ணன் பேசி முடித்திருக்கிறார். நிச்சயம் நடந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் உண்டா என்று சாமியார் ஊரைக் கேட்டார். ஊர் இல்லையென்றது. பெண்ணை யாரும் கேட்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எல்லாருமே எடுத்துக்கொண்டார்கள்.

"பந்தல் போட்டாங்க. சேல எடுத்தாங்க. ஆடு அடிச்சாங்க. எனக்கு அந்த ஆள மொதநாள்லருந்தே புடிக்கல தம்பி. பேசுறப்ப எச்சியத் துப்பிக்கிட்டே பேசுவாரு. யாராச்சும் கேப்பாங்க, சொல்லிடலாம்னு இருந்தேன். பீடத்துக்கு முன்னால போயி நின்னப்புறந்தான் சாமியாரு கேட்டாரு. யாரு கட்டாயமும் இல்லாம முழு மனசோட சம்மதிக்கிறியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லீங்க சாமின்னேன்."

அவர் சாதாரணமாக விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று ஊரில் பேசினார்கள். அந்த வருஷமே அப்பா போய்ச் சேர்ந்தார். மகள் செய்த காரியம்தான் அவரைக் கொண்டுபோனது என்றார்கள். அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்தினார். சனிக்கிழமை போனால் அண்ணி தட்டில் சோறு போட்டு வைப்பார், அவ்வளவுதான். இத்தனை ஆன பிறகும் அக்காவுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. உலகத்தில் எந்தக் காரியமும் கைமீறிப் போவதற்கு முன்னால், கடைசி நிமிஷத்திலாவது ஒருவர் கேட்பார். அதுவரை சும்மா இருக்கலாம். இதை அவர் வேதபாடம் மாதிரி நம்பினார்.

பட்டியல் போடுவதில் அவர் வைத்திருந்த முறையும் இந்த நம்பிக்கையிலிருந்து வந்ததுதான். மாத்திரை வாங்க வராமல் போனவர்களை மாதாமாதம் ஊர்வாரியாகப் பிரித்துத் தனித்தனி ஃபைலில் போடுவார். இண்டூர் ஒன்று, இண்டூர் இரண்டு, தீர்த்தமலை ஒன்று என்று பெயர். ஒரு பட்டியலில் உள்ள அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டால் புரோகிராமே அந்த ஃபைலை அழித்துவிடும், அந்த எண் காலியாகும். எந்த எண் காலி என்று அக்கா எங்கும் போய்ப் பார்க்கமாட்டார். புதுப் பட்டியலை முதலில் ஒன்றாம் எண்ணுக்குக் கொடுப்பார். மெஷின் கேட்டால், அங்கே இன்னும் ஆள் பாக்கி. N அழுத்திவிட்டு இரண்டாம் எண்ணுக்குப் போவார். அங்கும் கேட்டால் மூன்று. எந்த எண்ணுக்குக் கேட்காமல் வாங்கிக்கொள்கிறதோ அது காலி. கேள்வி வந்தால் சனம் இன்னும் வெளியில் இருக்கிறது. வராவிட்டால் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மெஷினிலேயே எல்லாப் பெயர்களையும் வரிசையாகக் காட்டச் சொல்லலாம் என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வாரப் பாடம். அவர் முறை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

மெஷின் கொடுத்த புண்ணியவான்களில் இரண்டு பேர் ஒருமுறை நேரில் பார்க்க வந்தார்கள். பெரிய டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு அவர்களை அழைத்துவந்தார். அக்கா அவர்கள் முன்னால் மாதப் பட்டியலைப் போட்டுக் காட்டினார். டிங். N. டிங். N. அடுத்த ஊர். டிங். வந்தவர்களில் ஒருவர், இது ஏன் ஓயாமல் எச்சரிக்கை கொடுக்கிறது, மெஷினில் ஏதும் கோளாறா என்று கேட்டுவிட்டார். டாக்டருக்கு முகம் செத்துப்போனது.

அடுத்த தடவை பெங்களூர்ப் பையன் வந்தபோது டாக்டர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, ஜீப் சாவிக்காக வந்த நான் வாசலில் நின்று கேட்டேன்.

"இந்த வார்னிங் எழவெல்லாம் எதுக்குப்பா? அந்தப் பொண்ணும் பாவம், ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே உக்காந்திருக்குது. நிறுத்திடு."

"ஆயித்து சார். ஒரே ஒரு லைன்."

அவன் உட்கார்ந்து எதையோ தட்டினான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். யாராவது கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அவனைத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அந்த மாதப் பட்டியலைப் போட்டுவிட்டு அக்கா என்னைத் தேடிக்கொண்டு ஜீப் ஷெட்டுக்கே வந்துவிட்டார். தானாக எதையும் சொல்லாத மனுஷி, அன்றைக்கு நான் கேட்காமலே சொன்னார்.

"தம்பி, எல்லா ஊரும் ஒண்ணாம் நம்பர் காலி. ஒரு எடத்துலகூட கேக்கல. அத்தன பேரும் வந்துட்டாங்க. ஒங்க அலைச்சலு வீண் போவல."

சொல்லிவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. புதுப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தீர்த்தமலைப் பக்கத்து மாதம்மாவின் பெயர் அதில் இல்லை. முந்தின நடையில் அவள் குடிசைக்குப் போயிருந்தேன். சின்னக் குழந்தைகள் இரண்டு. களத்து வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாள். ஆக, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். ஜீப் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த மாதமும் ஒன்றாம் எண் எல்லா ஊரிலும் காலி. அதற்கடுத்த மாதமும். அக்கா அந்த நாட்களில் கொஞ்சம் சதை போட்டார் என்றுகூடச் சொல்லலாம். கேண்டீன்காரரிடம் சர்க்கரை இல்லாத டீ வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். நான் பார்த்து அவர் தன் வாயால் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாதம்மாவைக் கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்து, அரூர்வரை தூக்கிவந்து, அங்கிருந்து ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இருமினால் ரத்தம். உடம்பில் ஒன்றுமில்லை. நான் அவள் புருஷனைப் பிடித்து உலுக்கினேன்.

"மாத்திர வாங்க வந்தப்புறம் எப்பய்யா நிறுத்துன?"

"எங்கங்க வந்தம்? நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தங்க. மின்னெல்லாம் மாசம் தவறுனா ஜீப்பு வந்துருமே. வரலயா, சரி, ஒடம்பு தேவலன்னு ஆஸ்பத்திரியிலயே முடிவு பண்ணிட்டாங்கபோலன்னு இருந்துட்டங்க."

நான் அக்காவிடம் ஓடினேன். தீர்த்தமலைப் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டச் சொன்னேன். எதிலும் மாதம்மா இல்லை. விட்டுப்போனவர்களை, எல்லா நோயாளிகளும் இருக்கும் பெரிய ஃபைலிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்ப்பது வழக்கம் என்பதால் அங்கேயும் இல்லை. மெஷினைப் பொறுத்தவரை அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை.

அக்கா திரையில் இருந்த பட்டியலைத் தீர்த்தமலை ஒன்று என்று கொடுத்தார். மெஷின் வாங்கிக்கொண்டது. அதே பட்டியலை, அதே பெயரில், உடனே மறுபடியும் கொடுத்தார். இப்போதுதானே போட்டது, கட்டாயம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. மூன்றாம் தடவை கொடுத்தார். விரல் N எழுத்தின்மேல் காத்துக்கொண்டிருந்தது. பச்சைப் புள்ளி மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

"கேக்க மாட்டேங்குது தம்பி" என்றார். "எப்பலருந்து கேக்கல இது?"

மாதாமாதம் பழைய பட்டியலை அழித்துவிட்டுக் கேட்காமலே புதியதை எழுதியிருக்கிறது. எத்தனை பேர் அழிந்துபோனார்கள் என்று எண்ணுவதற்குக்கூட எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. நகல் வைத்திருந்த பிளாப்பியிலும் அதே பெயர்களில் அதே புதுப் பட்டியல்கள். கம்ப்யூட்டர் வந்த தைரியத்தில் பழைய தாள்களை எடைக்குப் போட்டிருந்தார்கள். நான் திருப்பிக் கொடுத்த பட்டியல் தாள்களைக் கிழித்து அதிலேயே மாத்திரைப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். நினைவில் இருந்த பெயர்களை வைத்துக்கொண்டு இண்டூர்ப் பக்கமும் அரூர்ப் பக்கமும் அலைந்தேன். சிலர் கிடைத்தார்கள். சில வீடுகள் பூட்டியிருந்தன. சில வீடுகளில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாதம்மா எங்கள் வார்டிலேயே அந்த வாரம் இறந்துபோனாள்.

டாக்டர் பெங்களூருக்குப் போன் போட்டுக் கத்தினார். நீங்கள்தானே சார் நிறுத்தச் சொன்னீர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருக்க வேண்டும். போனை மெதுவாக வைத்துவிட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"இத்தன மாசமா மணியடிக்கலயேன்னு ஒனக்குத் தோணலயாம்மா? ஒரு வார்த்த வந்து கேக்கக் கூடாதா?"

"அதுதான் கேக்கும்னு இருந்தேங்க டாக்டர்."

அக்காவை மாத்திரைப் பொட்டலம் கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். சமாதானம் சொல்லப்போன நான், தப்பு உங்களுடையது இல்லை என்று எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேண்டீன்காரர் பழையபடி சர்க்கரை போட்ட டீயை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் குடித்தார்.

பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் திடீரென்று ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஓசூர்ப் பக்கத்தில் பெண்சாதியைப் பறிகொடுத்த ஒருவர், வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர், நல்ல மனுஷன் என்று டாக்டரிடம் சொன்னார். அவரோடு அக்காவின் கல்யாணத்துக்குத் தேதிகூடக் குறித்துவிட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை நான் அக்காவோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன்.

"அக்கா, நான் கேக்கறேன். ஒங்களுக்கு இதுல இஷ்டமா?"

"இல்ல தம்பி."

"அப்ப கோயில்ல சாமியாரு கேப்பாரில்ல. அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லிடுங்க."

பஸ் வந்து நின்றது. அக்கா பையை எடுத்துக்கொண்டார்.

"எவனாச்சும் கடைசியில கேப்பான்னு நம்பிக்கிட்டு ஒக்காந்திருந்ததுதான் தம்பி தப்பு. இனிமே யாரு கேட்டு என்னா ஆவப்போவுது?" என்று சொல்லிவிட்டு ஏறினார். கண்டக்டர் பக்கம் கையை நீட்டிக் காரிமங்கலம் என்று அவரே சொன்னது என் காதில் விழுந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். பின்பக்கம், தூணோரம் நின்றேன். முன்பு நடந்தது ஊருக்கே ஞாபகம் இருந்ததால், சாமியார் அந்தக் கேள்விக்கு வந்தபோது கோயிலில் ஒரு செருமல்கூட இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லுங்கக்கா, கேட்டுட்டாங்க, இப்பவாச்சும் சொல்லுங்க என்று நான் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

"சம்மதங்க சாமி" என்றார் அக்கா. குரல் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

வெளியே பந்தலில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை தலை நரைத்த, சாதுவான மனிதர். தன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அக்காவின் பக்கம் குனிந்து, "சர்க்கர போதுமா பாரு" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தபடி நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"போதுங்க" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.